டெலிவரி தேதி

திருப்பூர்ல ஒரு டி-ஷர்ட் தைக்க நிமிஷக் கணக்குதான். ஆனா ஆர்டர் கைக்கு வந்து பெட்டி லாரி ஏற மாசக்கணக்கு ஆகுது. நடுவுல நேரம் எங்க போகுது? லேப் டிப் (கலர் சரியான்னு பார்க்க சாயம் போட்ட மாதிரித் துணி), பையரோட, அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனியோட, அப்ரூவலுக்குக் காத்துக் கிடக்கும். டையிங்ல துணி வரிசையில நிக்கும். எப்படித் துவைக்கணும்னு சொல்ற வாஷ்கேர் லேபிள் வரலைன்னு தையல் லைனே நிக்கும். (விரலகல லேபிள், மொத்த ஷிப்மென்டையும் பிடிச்சு வச்சிரும்!) அத்தனை தாமதமும் கடைசியில பேக்கிங் செக்‌ஷன் தலையிலதான் விடியும்.

கப்பலை விட்டா விமானத்துலதான் அனுப்பணும். தாமதம் நம்ம பக்கம்னா அந்தச் செலவும் நம்மளோடது. லாபம் அங்கயே காலி.

2023 கடைசியில செங்கடல்ல கப்பல்கள் மேல தாக்குதல் ஆரம்பிச்சதும், தூத்துக்குடியில ஏறி கொழும்புல கப்பல் மாறி ஐரோப்பா போற பெட்டிகள்ல பெரும்பாலானது சூயஸை விட்டுட்டு நன்னம்பிக்கை முனையைச் சுத்திப் போச்சு. 10-14 நாள் கூடுதல். சம்மர் சரக்கு கடைக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி அதுக்காகத் தள்ளிப்போகுமா என்ன?

இன்னும் வேகமா தைங்கன்னு டெய்லரை விரட்டி ஒரு பிரயோஜனமும் இல்லைங்க. அப்ரூவல் மெயிலுக்கு அன்னைக்கே பதில் போடுற பையர் கிடைச்சா, ரெண்டு ரூபா விலை கொறைச்சே கொடுக்கலாம்.