மலை மந்திரில் திருப்புகழ்: மூச்சு வாங்கும் இடம்

பெயர் உத்தர சுவாமிமலைதான். ஆனால் டில்லி ஆட்டோக்காரரிடம் 'மலை மந்திர், ஆர்.கே.புரம்' என்றால்தான் வண்டி நகரும். (வடக்கே மலாய் என்றால் பாலாடை, அவர் மனத்தில் எது ஓடுகிறதோ!) 1973-ல் கும்பாபிஷேகம் கண்ட கருங்கல் கோயில். குன்றின்மேல் சுவாமிநாதன். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில் போவதே சரி. கூட்டுத் திருப்புகழ் (அருணகிரிநாதரின் முருகன் பாடல்களைப் பலர் சேர்ந்து பாடுவது) என்றைக்கு என்று கோயிலில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கிருத்திகையன்று தரிசன நெரிசலில் பாட்டு காதில் விழாது.

டில்லித் தமிழர்களிடையே திருப்புகழைப் பலர் சேர்ந்து பாடும் பழக்கம் வேரூன்ற ஏ.எஸ். ராகவன் முக்கியக் காரணம். ராகம், தாளம் அமைத்து, பாடகர் அல்லாதவர்களும் பாடும்படி செய்தார். விநாயகர் துதியில் தொடங்கி அறுபடை வீடுகளின் வழியே போவது பொது வழக்கம். சுவாமிமலை வரும்போது 'பாதி மதிநதி' பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஒரு பாட்டின் கணக்கு பிடிபட்டால் போதும். சந்தம், அதாவது பாட்டின் ஓசை அச்சு, 'தான தனதன'. மாத்திரை என்பது ஒரு குறில் ஒலிக்கும் நேரம், நெடிலுக்கு இரண்டு. தான மூன்று மாத்திரை, தனதன நான்கு. ஆக ஏழு, மிச்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம். 'பாதி மதிநதி', 'போது மணிசடை', 'நாத ரருளிய' என்று மூன்று ஏழுகள். நான்காவதில் 'குமரேசா' மட்டும். அது ஆறு மாத்திரையில் முடிய, ஒன்று மிஞ்சுகிறது. மூச்சு வாங்கும் இடம் அதுதான். ஐம்பது பேர் அந்த ஒரே இடத்தில் ஒன்றாக மூச்சு வாங்குவதைக் கேட்க வேண்டும். வாரம் முழுக்க அலுவலகத்தில் இறுகிய தோள் அங்கேதான் தளரும். அந்த மிஞ்சிய மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குத் தாவுகிறவர் யாராவது நிச்சயம் இருப்பார். பாட்டு ஓட ஆரம்பிப்பது அவரால்தான். தாளம் போடுகிறவரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு தடுமாற்றம் புத்தகத்தால் வருவது. பதம் பிரித்த பதிப்பில் 'போதும் அணி சடை' என்றிருக்கும். மலரும் அணிந்த சடை என்று பொருள் நன்றாகத் தெரியும். அப்படியே பாடினால் 'போதும்' இடறும், சந்தம் உடையும். பாடுவதற்குச் சந்தப்படி அச்சிட்டது, வீட்டில் படிப்பதற்குப் பதம் பிரித்தது. இரண்டும் வேண்டும். 'காதும் ஒருவிழி காகமுற' என்ற அடியில் காது செவியல்ல, காதுதல் என்றால் வெட்டுதல். ராமாயணத்தில் ஒரு கண்ணை இழந்த காகத்தின் கதை அது.

சுருதி எப்போதும் தகராறுதான். பெண்களுக்கு ஐந்து கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரம்) சுகம், ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. ஐந்தில் எடுத்தால் ஆண்குரல்கள் கீழ் ஸ்தாயியில் முணுமுணுப்பாகிவிடும். எட்டவில்லை என்றால் இழுத்துக் கத்தாமல் தாளம் மட்டும் போடுங்கள், அதுவும் பாடியதாகவே சேர்த்தி.

கல் மண்டபத்தில் எதிரொலி மெய்யெழுத்துகளைக் கரைத்துவிடும். பின்வரிசையில் 'த்த'வும் 'ந்த'வும் ஒன்றாகக் கேட்கும். எடுத்துக்கொடுப்பவருக்கு நாலைந்து அடிக்குள் உட்காருங்கள். ஜனவரியில் கருங்கல் தரை ஐஸ்தான். நாலாக மடித்த ஜமக்காளமும் கம்பளிக் காலுறையும் இல்லாமல் அருணகிரிநாதரின் இன்னொரு நூலான கந்தர் அநுபூதியின் 51 பாட்டையும் முடிப்பது கடினம்.