லேபிளில் 2666, சில்லில் 2133

மார்ச் 4, செவ்வாய்

இணைய ஏலத்தில் எடுத்த ரேம் (கணினியின் நினைவகப் பலகை) இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. தலா 16 ஜிபி, டிடிஆர்4, வேகம் 2666, சாம்சங் லேபிள். கடைசி நிமிடம் வரை என்னோடு மல்லுக்கட்டிய இருவரும் திடீரென்று ஒதுங்கிக்கொண்டதில் எனக்கு உள்ளூரப் பெருமை. உறையைப் பிரித்து, பழைய ரேம்களைக் கழற்றி, இவற்றை மாட்டினேன். கணினி முதல் முயற்சியிலேயே 32 ஜிபி என்று காட்டியது. கையோடு விற்பனையாளருக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டேன். 'சொன்னபடி பொருள், விரைவான அனுப்புதல்.'

மார்ச் 6, வியாழன்

தங்கை வீடியோ தொகுத்துக்கொண்டிருந்தபோது மென்பொருள் இரண்டு முறை தானாக மூடிக்கொண்டது. "அண்ணா, நீங்கள் அதைத் திறந்து என்னவோ செய்ததிலிருந்துதான் இப்படி" என்றாள். மென்பொருளின் புதிய பதிப்பில் பிழை இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். இரவு ஒரு பெரிய கோப்பை இன்னொரு வட்டுக்கு நகலெடுத்துச் சரிபார்த்தேன். மூலத்துக்கும் நகலுக்கும் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், ஒத்துப்போகவில்லை. மறுபடி எடுத்தேன், மூன்றாவதாக வேறோர் எண் வந்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுவதும் ஓட விட்டேன். 32 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்காகிறது. காலையில் திரையில் சிவப்பு வரிகள். நிரல் நினைவகத்தின் ஓரிடத்தில் எல்லா பிட்டிலும் 1 என்று எழுதி, திரும்பப் படிக்கிறது. எஃப் எஃப் எஃப் என்று வரவேண்டிய வரிசையின் நடுவில் ஒரே ஒரு டி. எஃப் என்றால் 1111, டி என்றால் 1101; ஒரு பிட் மட்டும் 0 ஆகிவிட்டது. முகவரிகள் வெவ்வேறு, தவறும் இடம் மட்டும் எல்லா வரியிலும் அதே பிட். அதாவது தரவு செல்லும் அறுபத்து நான்கு தடங்களில் ஒரு தடம் அவ்வப்போது தடுமாறுகிறது.

மார்ச் 8, சனி

ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க இதே வேலை. ஒன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டியது. மற்றது எங்கே போட்டாலும் சுத்தம். பழைய ரேம்களும் சுத்தம். ஆக, மதர்போர்டின்மேல் குற்றமில்லை.

இத்தோடு நிறுத்தி, ஒன்று பழுது, மாற்றித் தாருங்கள் என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளலாமே என்று லினக்ஸில் ரேமின் விவரங்களைப் படித்துக் காட்டும் டிகோட்-டிம்ஸ் நிரலை ஓட்டினேன். ரேம் பலகையில் எட்டுக் கால் கொண்ட ஒரு குட்டிச் சில்லு உண்டு, எஸ்பிடி என்பார்கள். டிடிஆர்4-ல் அதன் கொள்ளளவு வெறும் 512 பைட். இந்தப் பலகை யார் செய்தது, எந்த வாரம் செய்தது, எந்த வேகத்தில் ஓடும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. கணினி எழும்போது பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) அதைப் படித்து, அப்படியே நம்பி, வேகத்தை அமைக்கிறது.

அதில் தயாரிப்பாளர் சாம்சங், 2019-ன் 8-வது வாரம், வேகம் 2666. லேபிளிலும் 1908. எல்லாம் ஒத்துப்போயின. வரிசை எண்ணும் ஒத்துப்போனது, ஒரு ரேமுக்கும் இன்னொரு ரேமுக்கும்! எட்டு இலக்கமும் ஒன்றே. நான் ஒரே ரேமை இரண்டு முறை படித்துவிட்டேனோ என்று கழற்றி மாட்டி மீண்டும் பார்த்தேன். இல்லை. ஒன்றின் எஸ்பிடியை இன்னொன்றில் நகலடித்திருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

லேபிள் ஒட்டிய பக்கத்தில் நினைவகச் சில்லுகளின் எழுத்து மறைந்துவிடும். ஏலத்தில் போட்டிருந்த நான்கு படங்களும் அந்தப் பக்கம் மட்டுமே என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மறுபக்கத்தைத் திருப்பினேன். நேர்வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்துப் பிடித்தால், கறுப்பு முதுகில் லேசர் எழுத்து சாம்பலாக எழும்புகிறது. எட்டுச் சில்லிலும் ஒரே மூன்று வரி:

எஸ்இசி 629
கே4ஏ8ஜி08
5டபிள்யூபி பிசிபிபி

லேபிளில் இருப்பதோ எம்378ஏ2கே43சிபி1-சிடிடி.

சாம்சங் பெயர் வைக்கும் முறை தெரிந்தால் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. லேபிளில் 43-க்கு அடுத்த எழுத்து சில்லின் தலைமுறை, இங்கே சி. அப்படியானால் சில்லில் 5டபிள்யூசி என்று இருக்கவேண்டும். இருப்பது 5டபிள்யூபி, ஒரு தலைமுறை முந்தையது. கடைசி இரண்டு எழுத்துதான் வேகம்: டிடி என்றால் 2666, ஆர்சி என்றால் 2400, பிபி என்றால் 2133. 629 என்பது 2016-ன் 29-வது வாரம். 2016-ல் செய்த சில்லு இரண்டரை ஆண்டு எங்கேயோ தூங்கிவிட்டு 2019-ல் தன் அடுத்த தலைமுறையின் பெயரில் பலகை ஏறியிருக்கிறது!

சில்லைச் சுரண்டிப் புது எண் பொறிக்கும் வேலையும் உண்டு என்று படித்திருக்கிறேன். இவற்றில் அப்படியில்லை. முதுகு வழவழப்பாக, எட்டும் ஒரே சாயலில், எழுத்து கூர்மையாக இருக்கிறது. சில்லு அசல். பலகையும் அசலாகத்தான் தெரிகிறது. லேபிளின் வலது ஓரத்தில் நகக்கண் அகலத்துக்குப் பழைய பசைக் கோடு, தூசி ஏறிக் கறுத்திருக்கிறது. முன்பு அங்கே இருந்த லேபிள் இதைவிடக் கொஞ்சம் அகலம். 'புதியது' என்று விற்ற பொருளின் தங்க முனைகளில் பல முறை ஏறி இறங்கிய கீறல்கள் வேறு. இதை நான் செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்க வேண்டும். 32 ஜிபி என்ற எண்ணிலேயே மயங்கிவிட்டேன்.

லேபிளை உரித்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. உரித்தால் திருப்பி அனுப்ப முடியாது. அசிட்டோன் தொட்டுத் துடைக்கும் யோசனையையும் அதே காரணத்துக்காக விட்டேன்.

மார்ச் 10, திங்கள்

படங்களோடு விற்பனையாளருக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: "ஐயா, உங்கள் மதர்போர்டு பொருந்தவில்லை போலும். பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள்." வரிசை எண் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மார்ச் 12, புதன்

நேற்று ஒரு சோதனை. பயாஸில் வேகத்தை 2133-க்குக் கைமுறையாக இறக்கி, இரண்டையும் சேர்த்து இரவெல்லாம் மெம்டெஸ்ட். நான்கு சுற்று. பூஜ்யம் பிழை. 2666-க்கு ஏற்றினேன், அரை மணியில் அதே பிட், அதே டி.

எனக்கு இதில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். தரவைக் கேட்டபின் 2133-ல் 15 சுழற்சி காத்திருப்பதும் 2666-ல் 19 சுழற்சி காத்திருப்பதும் நேரக் கணக்கில் ஏறக்குறைய ஒன்று. இரண்டுமே 14 நானோநொடிக்குச் சற்று மேல். சில்லின் உள்ளே நடக்கும் வேலைக்குப் பெரிய அவசரம் கூடவில்லை. வெளியே தரவைத் தள்ளும் வேகம்தான் கூடுகிறது. அதனால் பல சில்லுகள் இந்த ஏமாற்றைத் தாங்கிக்கொள்ளும். என் இரண்டில் ஒன்று தாங்கியது. அது மட்டும் வந்திருந்தால் நான் ஆயுள் முழுக்க அதை 2019-ன் சரக்கு என்றே நம்பியிருப்பேன். அந்த விற்பனையாளரின் நூற்றுக்கு நூறு நற்சான்று எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது: என்னைப் போல எல்லோரும் பொட்டலம் பிரித்த அன்றே நட்சத்திரம் போட்டிருப்பார்கள்.

முன்பொரு முறை டிடிஆர்2 காலத்தில் 4 ஜிபி ரேம் ஒன்றை ஏலத்தில் எடுத்து ஏமாந்தேன். ஏஎம்டி கணினிகளில் மட்டுமே ஓடும் வகை, என்னுடையது இன்டெல். ஆனால் அதை ஏமாற்று என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் விவரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். இங்கே அந்தப் பொடி எழுத்துகூட இல்லை.

மார்ச் 15, சனி

ஏலத் தளத்தின் புகார்ப் பிரிவில் 'விவரித்தபடி இல்லை' என்று பதிந்தேன். 'பழுது' என்ற கட்டத்தையும் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால் பழுது என்றால் மாற்றுப் பொருள் அனுப்புவார், அதுவும் இதே பெட்டியிலிருந்துதான் வரும். படங்கள் மூன்று: லேபிள், சில்லு, இரண்டு எஸ்பிடிகளின் ஒரே வரிசை எண். மெம்டெஸ்ட் திரையைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் பேச்சு மறுபடி மதர்போர்டுக்குப் போய்விடும்.

மாலையில் விற்பனையாளரின் தொனி மாறியிருந்தது. பழுதான ஒன்றுக்கு மட்டும் பாதிப் பணம் தருகிறேன், புகாரை மூடிவிடுங்கள் என்றார். நல்லதும் கெட்டதுமாக இரண்டுமே ஒரே பொய்தான் ஐயா என்று எழுதிவிட்டு, கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ என்று அழித்து, "இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 17, திங்கள்

தீர்ப்பு என் பக்கம். அனுப்பும் செலவும் அவரே. பொட்டலம் கட்டுமுன் வரிசை எண்ணையும் பசைக் கோட்டையும் இன்னொரு முறை படமெடுத்தேன். வந்தது வேறு பொருள் என்று சொல்லிவிடக்கூடாதே. பழைய ரேம்கள் மீண்டும் ஸ்லாட்டில். தங்கையின் வீடியோ மெதுவாக நகர்கிறது, நின்றுபோகவில்லை. "மென்பொருள் பிழையைச் சரிசெய்துவிட்டார்களா அண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பணம் வந்துவிட்டது. பின்னாலேயே விற்பனையாளரின் செய்தி: ஐந்து நட்சத்திரத்தை அப்படியே வைத்திருங்கள். ஒன்றாகக் குறைத்து, கீழே இரண்டு வரி சேர்த்தேன்.

'லேபிள்: சிடிடி, 1908.
சில்லு: பிசிபிபி, 629.'