பயறு வண்டை மூன்று சூட்டில் வளர்த்துப் பார்த்தது

வெயில் ஏறினால் பூச்சி வேகமாகப் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எவ்வளவு வேகம், அப்போது அதன் ஆயுள் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்க்க நினைத்தேன். அதற்குப் பயறு வண்டைவிடத் தோதான பூச்சி கிடையாது. வளர்ந்த வண்டுக்குத் தீனியே வேண்டாம். புழுவாகப் பயறுக்குள் இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே இணைசேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். இரை கூடியதா குறைந்ததா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

ஏற்பாடு எளிது. தட்டைப்பயறு போட்ட பாட்டில்கள், வாயில் மெல்லிய துணி. பின்புற நுனியில் இரண்டு பக்கமும் கரும்பட்டை இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். ஒரு இரவு மட்டும் முட்டையிட விட்டு வண்டுகளை எடுத்துவிட்டேன்; முட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதாக இருக்க வேண்டும் இல்லையா? ஒரு பாட்டில் சாதாரண அலமாரியில். இன்னொன்று, பல்பும் தெர்மோஸ்டாட்டும் வைத்த தெர்மகோல் பெட்டியில், 30 டிகிரி செல்சியஸில். மூன்றாவது, ஐஸ் பாட்டில் மாற்றி மாற்றி வைத்த பெட்டியில், 20 டிகிரியை ஒட்டி. இந்த மூன்றாவதுதான் உயிரை வாங்கியது.

லென்ஸில் முதல் வித்தியாசம் முட்டையிலேயே தெரிந்தது. புதிதாக ஒட்டிய முட்டை கண்ணாடிபோல இருக்கும். உள்ளே பொரிந்த புழு, முட்டையின் அடிப்பக்கமாகவே பயறைத் துளைத்துக்கொண்டு இறங்கும்போது, துருவிய தூளும் கழிவும் ஓட்டுக்குள் அடைந்து முட்டை வெள்ளையாகிவிடும். 30 டிகிரிப் பெட்டியில் ஒரு வாரத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்துவிட்டன. குளிர்ப் பெட்டியில் அப்போதும் கண்ணாடிதான்.

அப்புறம் நீண்ட காத்திருப்பு. பயறின் தோலுக்கு அடியில் கருத்த வட்ட ஜன்னல் தெரிந்தால் வண்டு வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். சூட்டுப் பெட்டியில் ஒரு மாதத்துக்குள் வண்டுகள் வந்துவிட்டன. அலமாரிப் பாட்டில் அதற்குச் சற்றுப் பின்னால். குளிர்ப் பெட்டி இரண்டு மாதம் தாண்டியும் இழுத்தது.

ஆயுளில் கதை தலைகீழ். 30 டிகிரியில் வந்த வண்டு பத்து நாளை எட்டினாலே அதிகம். குளிரில் வந்தவை மந்தமாக நகர்ந்து, தொட்டால் காலை மடக்கிக்கொண்டு, மூன்று வாரம்வரை கிடந்தன. கையிருப்புக் கொழுப்பு எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதுதான் காரணம். ஆயுள் நீண்டதால் சேதம் கூடிவிடவில்லை. குளிரில் அவை முட்டையிடுவதும் மந்தம்தான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நாள்தோறும் உள்ள வெப்பத்தைக் கூட்டிச் சேர்த்து வளர்ச்சியைக் கணக்கிடும் யோசனையை ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1735-லேயே பயிர்களுக்குச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு அடிமட்ட வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலுள்ள டிகிரிகளை நாளோடு பெருக்கினால் ஏறக்குறைய ஒரே எண் வரும். மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள்: அடிமட்டம் சுமார் 12.5. முட்டை முதல் அந்துப்பூச்சி வரை 18 டிகிரியில் சுமார் 71 நாள், 32 டிகிரியில் சுமார் 20 நாள். அடிமட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவது 5.5, 19.5. 5.5-ஐ 71-ஆல் பெருக்கினாலும், 19.5-ஐ 20-ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட 390. முதல் தடவை போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மருந்தடிக்கும் நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்வது எனக்கு இப்போது அரைகுறை வேலையாகத்தான் படுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு மேலே போகப் போக உடைந்துவிடும். பிறகு 38 டிகிரியில் ஒரு பாட்டில் வைத்தேன். முட்டை இட்டன, பெரும்பாலானவை வெள்ளையாகவே மாறவில்லை. தப்பி வந்த சில வண்டுகளும் பொடியாக இருந்தன.

அடுத்து, பகலில் 35, இரவில் 25 என்று மாற்றி மாற்றி வைக்கப் போகிறேன். சராசரி 30 என்றாலும், நிலையான 30-இல் வந்த அதே நாளில் வண்டு வருமா என்று பார்க்க வேண்டும். வயலிலோ சாக்கிலோ எந்தப் பூச்சிக்கும் நாள் முழுக்க ஒரே சூடு கிடைப்பதில்லையே.