எங்கே போவீங்க, எப்போ போவீங்க

பல்லடம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராகப் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன். நிறைமாதம் நெருங்கும் பெண்களிடம் முதலில் குழந்தை அசைகிறதா என்று கேட்பேன். அது மாறவில்லை. அடுத்த கேள்வியை மாற்றியவள், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பெண்.

லைன் வீட்டில் குடியிருந்தாள். ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ். நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் சிறுநீரைச் சோதித்து, அட்டையில் 'ஆல்புமின் இல்லை, சர்க்கரை இல்லை' என்று எழுதினேன். அந்தச் சோதனையில் கிருமி தெரியாது. எனக்கு அது தெரியும், ஆனாலும் எழுதி முடித்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. "அடிக்கடி ஒன்னுக்கு வருதுங்க்கா" என்றாள். "கடைசி மாசத்துல எல்லாருக்கும் அப்படித்தான், தண்ணி நெறையக் குடி கண்ணு" என்றேன். அடிவயிறு கடுக்கிறது என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். சூட்டு வலி என்று அந்த அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

34வது வாரத்தில் ஒரு ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல். வலது பக்கம் முதுகில் வலி, வயிறு இறுகி இறுகி விட்டது. பிரசவ வலிதான் வந்துவிட்டது என்று 108ஐக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால், கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துவிடும், கர்ப்பப்பையும் வலப்பக்கம் சாய்ந்து அழுத்தும். அதனால் சிறுநீர் தேங்கும், வலப்பக்கம்தான் அதிகம். தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில், குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி வந்தது. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, வயிறு இறுகுவதும் நின்றது.

பார்க்கப் போனபோதுதான் அவளுடைய ஒரு நாளைக் கேட்டேன். காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் ஒரு தடவை. கம்பெனி கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, யாராவது வாசலில் நிற்க வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளை அப்படி எழுப்பிக் கூட்டிப்போக இவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வந்துதான் அடுத்த தடவை. "வந்துருமேன்னுதானுங்க்கா தண்ணியே குடிக்கிறதில்ல." வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தியிருந்த பெண்ணிடம் மூன்று தடவை போய், நிறையக் குடி என்று சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் போட்ட ஒரு கக்கூஸ் இருந்திருந்தால் என் புத்திமதியே தேவைப்பட்டிருக்காது.

கடுப்பு, எரிச்சல் எதுவுமே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கலாம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்குக் கல்ச்சர் பார்க்கச் சொல்லி, கிருமி இருந்தால் 7 நாள் மருந்து கொடுக்கச் சொல்கிறது 2016இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். அப்புறம், பாட்டிலைக் கையில் கொடுத்து 'பிடிச்சுட்டு வா' என்று சொன்னால் போதாது. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இதை விளக்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பெண்ணை உள்ளே கூட்டிப்போக வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மிச்சம் வைத்த மாத்திரையையும் வாங்கிப் போடக்கூடாது. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டாயினைப் பிரசவம் நெருங்கும்போது டாக்டர்கள் தவிர்ப்பார்கள், பிறக்கும் குழந்தையின் ரத்த அணுக்களை அது பாதிக்கலாம்.

அவளுக்கு 38வது வாரத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

போன வாரம் ஏழாம் மாதத்துப் பெண் ஒருத்தி, இன்னொரு கம்பெனியில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் ஓட்டுகிறவள். குழந்தை நன்றாக அசைகிறது என்றாள். "சரி கண்ணு, வேலைக்குப் போற நாள்ல ஒன்னுக்கு எங்கே போவே, எப்போ போவே?" என்று கேட்டேன். மாமியார் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ராத்திரி வீட்டுக்கு வந்துதானுங்க்கா" என்றாள். அதை அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளோடு உள்ளே போனேன்.