குதிரைகள் நடந்த கரையில் சைக்கிள்

பிரான்சின் பிரித்தானி பகுதியில், நாந்த் நகரிலிருந்து பிரெஸ்த் நோக்கிச் செல்லும் பழைய கால்வாயின் கரைப்பாதையே, வண்டிகளுக்கு அஞ்சாமல் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்ட விரும்புவோருக்கு நான் முதலில் சொல்லும் வழி. சுமார் 360 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய், பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகைக்குத் தப்பி பிரெஸ்த் துறைமுகத்துக்கு உள்நாட்டு நீர்வழியிலேயே பொருள்களைக் கொண்டுசெல்வதற்காக நெப்போலியன் காலத்தில் திட்டமிடப்பட்டது. படகுகளை இழுத்த குதிரைகளுக்காகப் போடப்பட்ட கரை என்பதால், இறுகிய பொடிச்சரளைப் பாதை பெரும்பாலும் சமதளமாகவே செல்கிறது. ஏற்றமெல்லாம் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளின் அருகில் மட்டும்தான்.

என் மனம் அதிகம் தங்குவது குளோமெல் என்னும் சிற்றூரை ஒட்டிய பெரும் வெட்டுவாய்க்காலில். 1823 முதல் 1832 வரை கைதிகளைக் கொண்டு தோண்டப்பட்ட, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பள்ளத்தின் ஓரமாகச் செல்லும்போது, நாம் அனுபவிக்கும் அமைதிக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பதை மறக்க முடிவதில்லை. (ஜோஸ்லன் கோட்டையையும் அவசியம் பாருங்கள், அதன் கோபுரங்கள் ஆற்றங்கரையிலேயே எழுகின்றன.) குவெர்லெதான் அணை கால்வாயின் ஒரு பகுதியை மூழ்கடித்துவிட்டதால், அங்கு மட்டும் பாதை கரையை விட்டு விலகுகிறது. மழைக்குப் பின் சரளை இளகுமாதலால், சற்று அகலமான டயர்களே நல்லது.