ஜிகோ, மரடோனா, எங்கள் கிரவுண்ட் அண்ணன்

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய ஐஎஸ்எல் (இந்திய கால்பந்து லீக்) அரையிறுதியை அந்த வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். சென்னையின் எஃப்சி அங்கே போய் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. சீசன் பாதியைத் தாண்டியும் அட்டவணையின் அடியில் கிடந்த அணி அது. டிசம்பர் 20 அன்று கோவாவில், கோவா அணியோடு இறுதிப் போட்டி. அந்தப் பக்கம் கோச் ஜிகோ, இந்தப் பக்கம் மார்கோ மட்டராஸி. பிரேசிலில் பெலேவுக்கு அடுத்து யார் என்று கேட்டால் நிறைய பேர் ஜிகோ பெயரைத்தான் சொல்வார்கள். மட்டராஸி 2006 உலகக் கோப்பை ஜெயித்த டிஃபெண்டர்தான், ஆனால் ஆட்டக்காரராக ஜிகோ பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. 90வது நிமிடம் வரைக்கும் நாம் 2-1 பின்னால். கோவா கோல்கீப்பரின் சொந்த கோலில் சமன், அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா அடித்தார், கோப்பை சென்னைக்கு. எங்கள் தெருவில் இன்னும் சேறு காயவில்லை, அந்தச் சேற்றிலேயே பசங்க குதித்தார்கள்.

பெரிய ஆட்டக்காரன்தான் பெரிய கோச் ஆவான் என்று யார் சொன்னாலும் அந்த ராத்திரியைத்தான் எல்லோரும் பதிலாக எடுத்துப் போடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கோல்கீப்பர் கை தவறியதற்கு ஜிகோ என்ன செய்வார்? ஜப்பானுக்கு 2004 ஆசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்.

பெரிய ஆட்டக்காரன் என்பதாலேயே ஒருவன் பெரிய கோச் ஆகிவிட மாட்டான் என்பது எனக்கு உறைத்தது வேறு ஒரு மேட்சில். 2010 ஜூலை 3, கேப் டவுன், அர்ஜென்டினா - ஜெர்மனி காலிறுதி. உலகக் கோப்பை வந்தால் வியாசர்பாடிப் பக்கம் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள்தான். நான் அர்ஜென்டினா. கோட்டுக்கு வெளியே கோட் சூட்டில் கோச் மரடோனா, உள்ளே மெஸ்ஸி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உட்கார்ந்தோம். மூன்றாவது நிமிடத்தில் முல்லர் தலையால் முட்டி ஒரு கோல். கடைசியில் 4-0. ஜெர்மனி கோச் லூவ், ஆடிய காலத்தில் பெரும்பாலும் இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர். அவர் ஆட்கள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றார்கள். அர்ஜென்டினா நடுக்களத்தில் மஸ்சரானோ ஒற்றை ஆளாகப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார், மெஸ்ஸி பந்து கிடைக்காமல் பின்னால் பின்னால் இறங்கி வந்துகொண்டே இருந்தார், அந்த உலகக் கோப்பையில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதே வருடம்தான் கோச் மொரினியோவின் இன்டர் மிலான், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்தது. அந்த அணியின் இரண்டு தூண்கள் சனெட்டியும் கம்பியாசோவும், இரண்டு பேருமே அர்ஜென்டினாக்காரர்கள். மரடோனா இரண்டு பேரையும் உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போகவே இல்லை! மொரினியோவோ ஆட்டக்காரராகப் பெயர் எடுக்காதவர், கோச் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து மேலே வந்தவர்.

மரடோனா மேல் எனக்குப் பக்தி, அது குறையாது. ஆனால் ஐந்து பேரைத் தாண்டிப் போய் கோல் அடித்த மனிதனுக்கு, நடுவில் ஓர் ஆள் குறைகிறான் என்பது தன் வாழ்நாளில் ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. அவர் காலே அதைத் தீர்த்துவிடும்.

இதை எங்கள் கிரவுண்டிலேயே பார்த்திருக்கிறேன். ஏரியாவிலேயே பெரிய ஃபார்வர்ட் ஓர் அண்ணன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கியவர். மூன்று வருடமாகச் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "இப்படி எடு, இப்படித் திரும்பு, அடி" என்று தானே செய்து காட்டுவார், இந்த வயதிலும் பந்து மூலையில் போய் விழும். பையன் செய்தால் வராது. "இதுகூடவாடா வராது?" என்று கத்துவார். அவர் பொய்யாகக் கோபப்படவில்லை, அது ஏன் வராது என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எங்களுக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், முட்டி போன லெஃப்ட் பேக், பெரிதாக ஒன்றும் ஆடியதில்லை. செருப்புகளைத் தரையில் பரப்பி வைத்து, நீ இங்கே நின்றால் அவன் எங்கே போவான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றது அவரிடம். வேகம் இல்லாததால் அவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து ஆட வேண்டியிருந்தது, அதனால் அதை வாயால் சொல்லவும் முடிந்தது.

சரி, பெரிய ஆட்டக்காரராகவும் பெரிய கோச்சாகவும் இருந்த ஜிடான்? கேட்பீர்கள் என்று தெரியும். 2016, 17, 18 மூன்று வருடமும் சாம்பியன்ஸ் லீக். அப்படி இரண்டிலும் ஜெயித்த க்ராய்ஃப், கார்டியோலா, பெக்கன்பவர் எல்லாம் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஜிடான் முதலில் ஒரு சீசன் கோச் அஞ்செலோட்டி பக்கத்தில் உதவியாளராக உட்கார்ந்தார், அப்புறம் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியாவுக்குக் கோச், அதற்கப்புறம்தான் பெரிய நாற்காலி. ஸ்பெயினின் பெரிய நடுக்கள ஆட்டக்காரர் ஷாபி அலோன்சோ மூன்று வருடம் ரியல் சொசிடாட் பி அணியோடு கிடந்தார், பிறகு ஜெர்மனியின் லெவர்குசனுக்கு அதன் முதல் பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டத்தை 2023-24இல் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் வாங்கிக் கொடுத்தார். இத்தாலியின் பெரிய நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2020இல் இத்தாலிய கிளப் யுவென்டஸ் அவரை ஜூனியர் அணிக்கென்று எடுத்து, சில நாளிலேயே முதல் அணியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருடம் தொடர்ந்து லீக் ஜெயித்த அணி நான்காவதாக முடித்தது, அவரையும் அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் புரியாதவரா பிர்லோ? சொல்லிக்கொடுக்கப் பழக ஒரு சின்ன இடம் அவருக்கு வேண்டியிருந்தது, அதைக் கொடுக்காததை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

போன வாரம் அண்ணனிடம் இதையே சொன்னேன். மாஸ்டர் இப்போது மாதவரம் பக்கம் வேறு பசங்களைப் பார்த்துக்கொள்கிறார், ஓர் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை போய் அவர் பக்கத்தில் நில்லுங்கண்ணா என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை மணிக்குடா வருவாரு அவரு?"