பாப்பா வார்டுல இருந்தப்ப கூட வந்து படுத்தவங்க

எங்க அக்கா பொண்ணுக்கு பதினேழு வயசுல பைபோலார்னு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கற மனநோய்னு சொல்லி ஒரு ஆஸ்பத்திரில உள்நோயாளியா சேர்த்து ஒரு மாசத்துக்கும் மேல வச்சுப் பார்த்தோம், இப்ப வீட்ல இருக்கா, நல்லா இருக்கா. இத எழுதலாமான்னு அவகிட்டயே கேட்டேன். பேரு, ஊரு, ஆஸ்பத்திரி எதுவும் வேணாம் சித்தி, ஆனா குழு அக்காங்கள பத்தி எழுதாம விட்றாதீங்கன்னா. வீட்ல எல்லாரும் அவள பாப்பான்னுதான் கூப்பிடுவோம், இங்கயும் அப்படியே எழுதுறேன்.

அக்கா 2021 கொரோனா ரெண்டாவது அலைல போயிட்டா. அதுக்கப்புறம் வீட்ல மச்சானும் பாப்பாவும் மட்டும்தான். மச்சானுக்கு ஸ்பின்னிங் மில்லுல வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். ப்ளஸ் டூ அரையாண்டு முடிஞ்ச சமயத்துல பாப்பா தூங்கறத விட்டுட்டா. மொதல்ல படிக்கிறான்னு நினைச்சோம், அப்புறம் பாத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்திரத்தையெல்லாம் இறக்கி வச்சு கழுவுறா, நிறுத்தாம பேசுறா, பேச்சு ஒண்ணுலருந்து ஒண்ணுக்குத் தாவுது, கம்மலக் கழட்டி தெருவுல வந்த ஒரு அம்மாவுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறா, தடுத்தா கத்துறா, சோறு இறங்கல. சொந்தத்துல ஒருத்தர் மந்திரிச்சுக் கட்டுங்கன்னாங்க, இன்னொருத்தர் ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. 2001 ஆகஸ்ட்ல அங்க ஒரு காப்பகம் தீப்பிடிச்சு சங்கிலில கட்டிக் கிடந்தவங்க 28 பேர் செத்தது என் மனசுல இருந்து இன்னும் போகல, நான் ஒத்துக்கவே இல்ல. 14416-க்கு போன் போட்டேன், டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், 2022-லருந்து நடக்குது, காசு கிடையாது, தமிழ்லயே பேசுறாங்க. இது கவுன்சிலிங்கோட நிக்கிற விஷயம் இல்லம்மா, இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு தெளிவா சொன்னாங்க.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், ரெண்டு பேர் தனித்தனியா பாப்பாவப் பாத்தாங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைன்னா ரெண்டு மனநல டாக்டர், இல்ல ஒரு மனநல டாக்டரோட இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனியா பாத்து, ரெண்டு பேரும் சேர்க்கணும்னு சொன்னாத்தான் சேர்க்க முடியும், 2017 மனநலச் சட்டம் 87-வது பிரிவு. பெரியவங்க வார்டுல போடக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள்ள நோயாளிங்க உரிமையக் கவனிக்கிற மனநல சீராய்வு வாரியத்துக்குத் தகவல் போகணும், 30 நாள் தாண்டினா மறுபடியும் சொல்லணும். இதையெல்லாம் கேக்கக் கேக்க மச்சானுக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு, பிள்ளைய எங்கயோ கொண்டு போய் அடைக்கப் போறோம்ங்கற பயத்துல இருந்தவரு. ஷாக் குடுத்துருவாங்களோன்னும் கேட்டாரு. சின்னப் பிள்ளைங்களுக்கு பெத்தவங்க கையெழுத்தும் வாரியத்தோட முன் அனுமதியும் இல்லாம அதைச் செய்யவே கூடாதும்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க.

எங்களுக்குச் சிக்கல் வந்தது வேற இடத்துல. பிள்ளைகூட முழு நேரமும் ஒருத்தர் இருக்கணும், ராத்திரி பகல் எல்லாம். அதுவும் பெண் பிள்ளையா இருந்து கார்டியன் ஆம்பளையா இருந்தா, கூட இருக்கிற ஆள் பொம்பளையாத்தான் இருக்கணும். சரியான சட்டம்தான், நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், வார்டுல ராத்திரி இருந்து பாத்தவளுக்கு அது ஏன்னு தெரியும். ஆனா அம்மா இல்லாத வீட்டுல அந்தப் பொம்பளை ஆளுக்கு எங்க போறது? நான் இருக்கேன், சரி, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க, கூட்டுறவு சங்கத்துல வேலை, லீவு எவ்வளவு குடுப்பாங்க. பாப்பாவோட அத்தை கோவில்பட்டில இருக்காங்க, மாமியாரு படுக்கைல. காசு குடுத்து ஆள் வைக்கலாம்னா முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தர எப்படி அந்த நிலைமைல இருக்கிற பிள்ளைகிட்ட விடறது?

அப்பதான் அக்கா இருந்த மகளிர் குழு தலைவியக்கா வந்தாங்க. அக்கா அந்தக் குழுல ஆரம்பத்துலருந்து இருந்தவ, அவ போனப்புறமும் பாப்பாவுக்கு பொங்கலுக்குத் துணி எடுத்துக் குடுக்கறத அவங்க நிறுத்தல. விஷயத்தச் சொன்னேன். எந்த வியாதி, ஏன் வந்துச்சு, பரம்பரையான்னு ஒண்ணும் கேக்கல. எத்தன ராத்திரிக்கு ஆள் வேணும்னு மட்டும் கேட்டாங்க. செவ்வாக்கிழமை கூட்டத்துல பேரு சொல்லாம, நம்ம ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரில துணை இருக்கணும், யாரு யாரு வருவீங்கன்னு கேட்டு, கடன், சேமிப்பு எழுதுற தீர்மான நோட்டு மாதிரியே ஒரு தனி நோட்டு போட்டு ஆள் பேரு, கிழமை, போற பஸ்ஸு, திரும்பற பஸ்ஸு எல்லாம் எழுதிட்டாங்க. யாரால வர முடியாதோ அவங்க வேற வேலை எடுத்துக்கிட்டாங்க, ஒருத்தர் மச்சானுக்கு சாப்பாடு, ஒருத்தர் துணி துவைக்க, ஒருத்தர் என் பிள்ளைங்கள ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வர. கூட்டம் போடறதும் முறை வச்சு வேலை பிரிக்கிறதும் அவங்களுக்குப் பல வருஷப் பழக்கம், அதனாலதான் இது ரெண்டு நாள் பரிதாபத்தோட நிக்காம கடைசி வரைக்கும் ஓடுச்சுன்னு நினைக்கிறேன்.

உள்ள போறதுக்கு முன்னாடி வார்டுல பைய சோதிப்பாங்க. துப்பட்டா, நாடா வச்ச பேன்ட், கண்ணாடி வளையல், சார்ஜர் ஒயரு, ஹேர்பின் எல்லாம் வெளிலயே வாங்கி வச்சுருவாங்க, பிள்ளையோடது மட்டும் இல்ல, கூட வர்றவங்களோடதும்தான். தலைவியக்கா தன் தாலிச் சரட புடவைக்குள்ள தள்ளி ஊக்கு இல்லாம முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு உள்ள வந்தாங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு மாத்து. பாப்பாவுக்கு அப்ப மாத்திரை இன்னும் பிடிக்கல, நிக்க முடியாம நடந்துக்கிட்டே இருப்பா, அந்த வராண்டாவுல இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி. எதுத்து வாதாடாதீங்க, பேச்சுக்கு ஒத்தும் ஊதாதீங்கன்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. தலைவியக்கா கூடவே நடந்திருக்காங்க. அவ அகாடமி ஆரம்பிக்கப் போறேன், கலெக்டர பாக்கப் போறேன்னு சொல்லச் சொல்ல ம்ம், ம்ம்னு கேட்டுக்கிட்டு, நடுவுல நடுவுல தண்ணி குடிடான்னு டம்ளர நீட்டிக்கிட்டு. விடியக்காலைல நான் போறப்ப பாப்பா தூங்குறா, அக்கா கால நீட்டி உக்காந்திருக்காங்க, பாதம் வீங்கியிருக்கு, பாவம் சுகர் வேற இருக்கு அவங்களுக்கு.

அங்க இருந்த சோஷியல் ஒர்க்கர் தம்பி ரொம்ப நல்லவரு. முறை வச்சு ஆள் மாறி மாறி வருவோம்னு சொன்னப்ப, வர்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது என்கிட்ட உக்காந்து பேசிட்டுத்தான் உள்ள போகணும்னாரு. மாத்திரைய முழுங்கினாளான்னு பாக்கறது எப்படி, என்ன கேக்கக் கூடாது, உங்க போன அவகிட்ட குடுக்கக் கூடாதுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. குடும்பத்து ஆளுங்கள வார்டுலயே வச்சுக்கறது நம்ம நாட்டுல 1950-கள்லயே ஆரம்பிச்சதுன்னு அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர்னு ஒருத்தர் ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் போட்டு சொந்தக்காரங்கள நோயாளிகூடவே தங்க வச்சாராம், நம்ம வேலூர் பாகாயத்துல சிஎம்சி மனநல மையத்துலயும் அப்பலருந்தே குடும்பம் கூட இருக்கிற வழக்கம் உண்டாம். சொந்தம்னா ரத்த சொந்தமா இருக்கணுமா தம்பின்னு எங்க குழுல ஒருத்தர் கேட்டாங்க, பிள்ளைக்குப் பிடிச்சவங்களா இருந்தாப் போதும்க்கான்னாரு, கூட இருக்கிற ஆள் யாருன்னு கார்டியன் முடிவு பண்ணலாம், மச்சான் எழுதிக் குடுத்தாப் போதும்.

ஒரு விஷயம் இங்க கண்டிப்பா சொல்லணும். பாப்பாவுக்கு மனநிலைய நிலையா வைக்கிற லித்தியம் மாத்திரை ஆரம்பிச்சப்ப வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்த ஒரு அக்கா, மருந்து சாப்பிடற பிள்ளைக்குப் பத்தியம்னு உப்பே போடாம ரசமும் கஞ்சியும் செஞ்சு கொண்டு வந்தாங்க. அன்பாத்தான் செஞ்சாங்க. நல்ல வேளை நர்ஸ் வாசம் பாத்து என்னன்னு கேட்டாங்க. லித்தியம் எடுக்கறவங்களுக்கு திடீர்னு உப்பக் கொறச்சா ரத்தத்துல மருந்தோட அளவு ஏறிரும், தண்ணி கொறஞ்சாலும் ஏறும், வாந்தி பேதி வந்தாலும் ஏறும். எப்பவும் சாப்பிடற அளவு உப்பு, நிறையத் தண்ணி. தலவலின்னு கடைல புரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிக் குடுக்கவே கூடாது, டாக்டர கேக்கணும். ரத்த டெஸ்டு எடுக்கற அன்னைக்கு காலை மாத்திரைய ரத்தம் எடுத்தப்புறம்தான் போடணும், ராத்திரி மாத்திரைக்கும் ரத்தம் எடுக்கறதுக்கும் நடுவுல 12 மணி நேரம் இருக்கணும். இதையெல்லாம் நோட்டுல முதல் பக்கத்துல பெரிய எழுத்துல எழுதி ஒட்டிட்டோம்.

கொஞ்சம் தெளிஞ்சதும் பாப்பா கேட்ட முதல் கேள்வி, யாருக்கெல்லாம் தெரியும்னுதான். நான் மறைக்கல, வந்தவங்க பேரெல்லாம் சொன்னேன். அழுதா. அப்புறம் நோட்ட வாங்கிப் பாத்தா, ரெண்டு பேர வேணாம்னா, காரணம் கேக்காம அடிச்சுட்டோம். இனிமே யாருக்குச் சொல்லணும்னாலும் என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்கன்னா, அன்னைலருந்து அப்படித்தான். எங்க சொந்தத்துல ஒருத்தர் குடும்ப வாட்ஸப் குரூப்புல அவ போட்டோவப் போட்டு எல்லாரும் வேண்டிக்கங்கன்னு எழுதியிருந்தாங்க, மச்சான் போன் பண்ணி உடனே எடுக்க வச்சாரு. சின்ன வயசுப் பிள்ளைங்க விஷயத்துல நாம எல்லாரும் இதுல இன்னும் கவனமா இருக்கணும், அந்தப் பிள்ளை நாளைக்கு அதே தெருவுல நடக்கணும், அதே கிளாஸ்ல உக்காரணும்.

அவளா மூணு ஃப்ரெண்ட்ஸ் பேரச் சொன்னா. அந்தப் பிள்ளைங்க அம்மாக்கள்கிட்ட நான் நேர்ல போய்ப் பேசினேன், ஒரு வீட்ல விடல, அவங்க பயம் அவங்களுக்கு. மத்த ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வந்தாங்க. என்ன பேசறதுன்னு தெரியாம வந்து உக்காந்து, கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆயிருச்சுடின்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. டாக்டரம்மா சாயங்காலம் அரை மணி நேரம் போன் பேச விட்டாங்க, அதுல தினமும் அன்னைக்கு நடந்த பாடத்த ஒருத்தி வாய்ஸ் நோட்டா அனுப்புவா, பாடம் பாதி ஊர்வம்பு பாதி. ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு தடவை கூட கேக்கல அந்தப் பிள்ளைங்க. பெரியவங்கதான் வர்றவங்க எல்லாரும் மனச தைரியமா வச்சுக்கம்மா, நல்லத நினைன்னு சொல்லிட்டுப் போவாங்க, அவ திரும்பிப் படுத்துக்குவா. கால் ஒடிஞ்ச பிள்ளைகிட்ட போய் எந்திரிச்சு நட, எல்லாம் நினைப்புலதான் இருக்குன்னு சொல்வோமா?

ஸ்கூல் விஷயம் சுருக்கமா சொல்றேன். டிசி வாங்கிட்டுப் போயிருங்க, பிரைவேட்டா எழுதட்டும்னு போன்லயே சொன்னாங்க. மச்சான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. கிளாஸ் டீச்சர்தான் நின்னு பேசினாங்க. ஆஸ்பத்திரில சர்டிபிகேட் வாங்கும்போது நோயோட பேரு போடாம சிகிச்சைல இருக்காங்கன்னு மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம், குடுத்தாங்க. மார்ச் பரீட்சை எழுத முடியல, ஜூன் ஜூலைல வர்ற துணைத் தேர்வு எழுதினா, பாஸ். மில்லுல போட்ட இன்சூரன்ஸ் மனநோய்க்குக் கிடையாதுன்னு மொதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. உடம்பு நோய்க்குக் குடுக்கற மாதிரியே மனநோய்க்கும் குடுக்கணும்னு அதே சட்டத்துல 21-வது பிரிவுல இருக்கு, 2018-ல இன்சூரன்ஸ் ஆணையமும் சொல்லியிருக்கு, அதை எழுதி அப்பீல் போட்டப்புறம் ஒரு பகுதி வந்துச்சு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் கஷ்டம்னு யாரும் எங்களுக்கு முன்னாடி சொல்லல. வார்டுல சுத்தி ஆள் இருக்கு, தேனிலருந்து வந்த ஒரு அம்மா கூட எங்களுக்கும் சேத்து இட்லிப்பொடி கொண்டு வருவாங்க, அவங்க பையனும் பாப்பாவும் கேரம் ஆடுவாங்க. வீட்டுக்கு வந்தா மச்சான் நைட் ஷிப்ட் போனப்புறம் பிள்ளை தனியா. மாத்திரைல பசி பயங்கரமா எடுக்கும், வெயிட்டு ஏறிருச்சு, யூனிபார்ம் பத்தல, அதுக்கு அவ பட்ட வேதனை நோயிக்குப் பட்டத விட ஜாஸ்தி. குழு அக்காங்க நோட்ட மூடல. ராத்திரித் துணைக்குப் பதிலா சாயங்காலத் துணைன்னு மாத்தினாங்க, ஒருத்தர் வந்து கூட உக்காந்து டிவி பாப்பாங்க, இல்ல ரெண்டு பேரும் கண்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வருவாங்க, தையல் தெரிஞ்ச அக்கா யூனிபார்ம பிரிச்சு அகலம் விட்டுத் தச்சுக் குடுத்தாங்க. எத்தன மணிக்குத் தூங்கினா, எத்தன மணிக்கு எந்திரிச்சான்னு பாப்பாவே எழுதி வைக்கிறா. தூக்கம் குறைய ஆரம்பிச்சா அது அடுத்த தடவைக்கு முதல் அறிகுறியா இருக்கலாம், உடனே வாங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஒரு தடவை அப்படிக் குறைஞ்சுச்சு, அவளே போன் பண்ணிச் சொன்னா, மறுநாளே போய் மருந்த மாத்திக்கிட்டு வந்துட்டோம், அட்மிஷன் வரைக்கும் போகல.

இப்ப பதினெட்டு முடிஞ்சிருச்சு. இனிமே மறுபடியும் சேர்க்கற மாதிரி வந்தா அவளுக்காகப் பேசறதுக்கு யாருன்னு அவளே முடிவு பண்ணலாம், நியமனப் பிரதிநிதின்னு சட்டத்துல சொல்றாங்க, வெறும் வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், அந்த ஆளும் சம்மதம்னு எழுதித் தரணும். மச்சான் பேரையோ என் பேரையோ போடுவான்னு நினைச்சோம். தலைவியக்கா பேரப் போட்டிருக்கா. அப்பாவுக்குப் பதட்டம் வந்துரும், நீங்க அழுவீங்க, அவங்க கூட நடப்பாங்கன்னு காரணம் சொன்னா. தலைவியக்கா அன்னைக்கே சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க, ஒரு ஜெராக்ஸ் ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்கு, ஒண்ணு குழு நோட்டுல ஒட்டியிருக்கு.